கிட்டார் கற்கத் தொடங்குபவர்களுக்கு: வாங்குவதிலிருந்து எஃப் கார்டு வரை

கிட்டார் கற்கத் தொடங்கிச் சில மாதங்களில் விட்டுவிடுபவர்கள் பெரும்பாலும் சொல்வது, "என் விரலுக்கு இது வராது" என்பதுதான். அவர்களுடைய கிட்டாரை வாங்கி ஒருமுறை வாசித்துப் பார்த்தால் பல நேரங்களில் வேறு விஷயம் தெரியும். தந்திகள் எட்டி நிற்கும், சுருதி கலைந்திருக்கும், முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள் பிரிக்கும் கட்டங்களில் முதலாவது) அழுத்தினால் அழுந்தவே அழுந்தாது. அந்த வாத்தியத்தில் பல வருடம் வாசித்தவருக்கும் கை வலிக்கத்தான் செய்யும். நானும் இதில் நிறையத் தடுமாறித்தான் வந்தேன். எதை முதலில் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல அப்போது யாரும் இல்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் வாத்தியத்தைச் சரியாக்குவோம், அப்புறம் விரலைப் பழக்குவோம்.

கீழே தந்தி எண் வரும் இடங்களில் மிக மெல்லிய தந்தி 1, மிகத் தடித்த தந்தி 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாடங்களிலும் இதே கணக்குதான்.

1. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

தொடங்குபவருக்கு மூன்று வழிகள். நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டார் விரல் நுனிக்கு மென்மையாக இருக்கும். ஆனால் கழுத்து அகலம். நட் (தலைப்பகுதியை ஒட்டி, தந்திகள் பள்ளங்களில் அமரும் சின்னப் பட்டை) இருக்கும் இடத்தில் சுமார் 52 மில்லிமீட்டர். ஸ்டீல் தந்தி அக்கூஸ்டிக்கில் அது 43, 44 தான். சின்னக் கை உள்ளவர்கள் இந்த வித்தியாசத்தை உடனே உணர்வார்கள். எலக்ட்ரிக்கில் தந்தி மெல்லியது, உயரமும் குறைவு, அதனால் அழுத்துவது மூன்றிலும் சுலபம்.

"முதலில் அக்கூஸ்டிக்தான் கற்க வேண்டும், எலக்ட்ரிக் அப்புறம்" என்று பலரும் சொல்வார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. உங்களுக்கு எந்த மாதிரி பாட்டு வாசிக்க ஆசையோ அதற்கேற்ற கிட்டாரை எடுங்கள். ஆசை இருக்கும் வாத்தியத்தைத்தான் தினமும் கையில் எடுப்பீர்கள்.

கிளாசிக்கல் வாங்கினால் ஒன்றை மறக்காதீர்கள்: அதில் ஸ்டீல் தந்தி போடவே கூடாது. ஆறு ஸ்டீல் தந்திகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் இழுக்கும். நைலான் தந்திகள் சுமார் 40 கிலோதான். அந்த அதிக இழுவையில் பிரிட்ஜ் (உடலில் தந்திகளைப் பிடித்திருக்கும் கட்டை) பிய்ந்து வரும், கழுத்து வளையும்.

குழந்தைக்கு வாங்கினால் அரை அளவு, முக்கால் அளவு என்று கேட்டு, மடியில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் வாங்கும்போதே முடிவெடுக்க வேண்டும். வலது கைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால் போதும் என்பது சரியல்ல. நட்டில் ஒவ்வொரு தந்திக்கும் பள்ளத்தின் அகலம் வேறு, சேடிலும் (பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் பட்டை) ஒரு பக்கமாகச் சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கும்.

2. பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் இருக்கும் மொத்தத் தொகையையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாதீர்கள். ஏறக்குறைய முக்கால் பங்கை வாத்தியத்துக்கும் மீதியை மற்றவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உடனே தேவைப்படுபவை: கழுத்துத் தலையில் மாட்டும் கிளிப் ட்யூனர் (சுருதி காட்டும் கருவி), ஒரு செட் மாற்றுத் தந்தி, சில பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு), உறை, அப்புறம் செட்டப் கூலி (தந்தி உயரம் போன்றவற்றைச் சரிசெய்து கொடுப்பதற்கு). கடைசியில் சொன்னதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் பலன் அதிகம் தருவது அதுதான். கேப்போ (எல்லாத் தந்தியையும் ஒரு ஃப்ரெட்டில் சேர்த்து அழுத்தும் கிளிப்) முதல் மாதம் தேவையில்லை.

எலக்ட்ரிக் என்றால் ஆம்ப் (ஒலிபெருக்கி), கேபிள் செலவும் உண்டு. வீட்டில் சத்தம் போட முடியாதவர்கள் ஹெட்ஃபோன் மாட்டும் வசதியுள்ள சின்ன ஆம்ப் வாங்கினால் போதும்.

எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் மலிவாகக் கிடைக்கும் தொகுப்புகளில் கவனமாக இருங்கள். உள்ளே இருக்கும் பொருள்களின் எண்ணிக்கை ஆசை காட்டும், கிட்டாரின் தரம்தான் அடிபட்டிருக்கும். அதே பணத்துக்கு நல்ல நிலையில் உள்ள பழைய கிட்டார் பல நேரம் மேல்.

3. வாங்கும் முன் இவற்றைச் சோதியுங்கள்

வாசிக்கத் தெரியாவிட்டாலும் இவற்றை நீங்களே பார்க்கலாம்.

முதலில் கழுத்து. உடல் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் விளிம்பை நேர்கோட்டில் பாருங்கள். மிக இலேசான உள்வளைவு இருக்கலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம்.

அடுத்து தந்தி உயரம். 12ஆம் ஃப்ரெட்டின் கம்பிக்கும் 6ஆம் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை ஒரு சின்ன ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஸ்டீல் அக்கூஸ்டிக்கில் இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் வசதி. மூன்றைத் தாண்டினால் கை கஷ்டப்படும். கிளாசிக்கலில் நான்கு வரை இயல்பு. எலக்ட்ரிக்கில் ஒன்றரையிலிருந்து இரண்டு.

பிறகு நட். ஒரு தந்தியை 3ஆம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 1ஆம் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். முடி அளவு இருக்க வேண்டும். வெளிச்சம் நன்றாகத் தெரியும் அளவுக்கு இருந்தால் நட் உயரம். தொடங்குபவர் பிடிக்கும் கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள்) எல்லாம் முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள்தான் இருக்கின்றன. நட் உயரமாக இருந்தால் முதல் நாளிலிருந்தே தண்டனைதான்.

எல்லாத் தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். எங்காவது 'சர்ர்' என்று இரைந்தால் அந்த இடத்தைக் காட்டிக் கேளுங்கள். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் முனை கீறக் கூடாது. அதன்பின் ஒரு தந்தியை 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்து, திறந்த தந்தியோடு (எங்கும் அழுத்தாமல் மீட்டுவது) ட்யூனரில் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே சுரம்தான், ஒரு ஸ்தாயி மேலே. முள் அதிகம் விலகினால், மேல் ஃப்ரெட்டுகளில் எதை வாசித்தாலும் அபசுரம் வரும்.

பழைய கிட்டார் என்றால் கூடுதலாக மூன்று. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளின் ஓரத்தைச் செருகிப் பாருங்கள், உள்ளே நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை உப்பியிருக்கிறதா, ஃப்ரெட் கம்பிகளில் தந்தி ஓடிப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரிக்காக இருந்தால் ஆம்பில் செருகி எல்லாக் குமிழ்களையும் திருகிக் கேட்க வேண்டும்.

காகிதங்கள்: ரசீதில் மாடல் பெயரும், கிட்டாரில் வரிசை எண் இருந்தால் அதுவும் எழுதப்பட்டிருக்கட்டும். எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உத்தரவாத அட்டையில் எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று போட்டிருக்கிறது என்பதை அங்கேயே வாசியுங்கள். தந்தி, வெப்பத்தாலும் ஈரத்தாலும் வரும் வளைவு போன்றவை பொதுவாக அதில் சேர்வதில்லை. பார்சலில் வரவழைத்தால் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், திருப்பும் காலம் முடியும்வரை அட்டைப்பெட்டியை எறியாதீர்கள்.

4. செட்டப் செய்யுங்கள்

புதுக் கிட்டார் என்றால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. தொழிற்சாலையிலிருந்து வரும் கிட்டாரில் தந்தி கொஞ்சம் உயரமாகவே வைக்கப்பட்டிருப்பது சகஜம். எனக்குக் கிடைத்த முதல் கிட்டாரும் அப்படித்தான். கேட்ட இடத்தில் எல்லாம் "போகப் போகப் பழகிடும்" என்றார்கள். கடைசியில் கிட்டார் பழுதுபார்க்கும் ஒருவர் சேடிலைக் கழற்றி அடிப்பக்கத்தைத் தேய்த்து, நட்டின் பள்ளங்களைக் கொஞ்சம் ஆழமாக்கிக் கொடுத்தார். அதுவரை ஊமையாக நின்ற சி கார்டு, அதே விரலில், அன்று சாயங்காலமே ஒலித்தது.

செட்டப் என்றால் இவ்வளவுதான்: கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைத் திருகிக் கழுத்தின் வளைவைச் சரிசெய்வது, நட்டையும் சேடிலையும் சரியான உயரத்துக்குக் கொண்டுவருவது, எலக்ட்ரிக்கில் ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் ட்யூனர் பார்த்துப் பொருத்துவது. பொறுமையுள்ள ஆள் கிடைத்தால் அன்றே முடிந்துவிடும் வேலை. இதை வீட்டில் நீங்களே முயல வேண்டாம். 12ஆம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் குறைய வேண்டுமென்றால் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கை தவறி அதிகம் தேய்த்துவிட்டால் ஒட்ட வைக்க முடியாது. ட்ரஸ் ராட் அதைவிட ஆபத்து.

கொடுக்கும்போது "தொடக்க நிலை, மெல்லிய தந்தி போடுங்கள்" என்று சொல்லுங்கள். அக்கூஸ்டிக்கில் 10 அல்லது 11இல் தொடங்கும் செட் கேளுங்கள் (அந்த எண் 1ஆம் தந்தியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). 12இல் தொடங்கும் செட்டைவிட அழுத்துவது வெகு சுலபம்.

5. ஒவ்வொரு முறையும் சுருதி சேருங்கள்

தடித்த தந்தியிலிருந்து சுரங்களின் வரிசை: இ (E), ஏ (A), டி (D), ஜி (G), பி (B), இ (E). ட்யூனரில் 440 ஹெர்ட்ஸ் (ஏ சுரத்துக்கு எல்லோரும் வைக்கும் பொது அளவு) என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யாராவது மாற்றி வைத்திருந்தால் உங்கள் கிட்டார் வேறு எந்த வாத்தியத்தோடும் சேராது.

தொடங்குபவர்கள் தந்தியை அறுத்துக்கொள்வது இங்கேதான். 6ஆம் தந்தியும் 1ஆம் தந்தியும் இரண்டுமே 'இ' தான், ஆனால் இரண்டு ஸ்தாயி வித்தியாசம்: ஒன்று 82 ஹெர்ட்ஸ், மற்றது 330. பல ட்யூனர்கள் எழுத்தை மட்டும்தான் காட்டும். எழுத்து வரவில்லையே என்று முறுக்கிக்கொண்டே போனால் தந்தி அறுந்துவிடும். தந்தி விறைத்துக்கொண்டே போகிறது, எழுத்து இன்னும் வரவில்லை என்றால் அந்த எழுத்தை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். நிறுத்தி, தளர்த்தி, கீழிருந்து வாருங்கள். திருகும் முன் எந்தத் தந்தியின் முளையைப் பிடித்திருக்கிறீர்கள் என்று கண்ணால் பின்தொடர்ந்து உறுதி செய்வதும் அவசியம்.

எப்போதும் கீழேயிருந்து மேலேற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் முளையில் இருக்கும் தளர்வால் கொஞ்ச நேரத்தில் மீண்டும் இறங்கும். புதுத் தந்தி முதல் சில நாள்கள் நீண்டுகொண்டே இருக்கும், அதனால் அடிக்கடி சுருதி கலையும். கிட்டாரில் கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

காதுக்கும் பழக்கம் வேண்டும். 6ஆம் தந்தியை 5ஆம் ஃப்ரெட்டில் அழுத்தினால் வருவது 5ஆம் தந்தியின் சுரம். இப்படியே ஒவ்வொன்றாக வரலாம். 3ஆம் தந்தியில் மட்டும் 4ஆம் ஃப்ரெட். ட்யூனரில் சேர்த்த பிறகு தினமும் இதை ஒருமுறை செய்து கேட்டுப் பாருங்கள்.

6. அழுத்தும் விதத்தைச் சரிசெய்யுங்கள்

கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காருங்கள். சோபா வேண்டாம், உடல் மடங்கிக் கிட்டார் சாயும். கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால், விரல்கள் வளைந்து நுனியால் அழுத்த வேண்டும். இடது கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

இரண்டு ஃப்ரெட் கம்பிகளுக்கு நடுவில் அழுத்தாதீர்கள். உடல் பக்கமுள்ள கம்பியை ஒட்டி, அதற்குச் சற்று முன்னால் அழுத்துங்கள். நடுவில் அழுத்த இரண்டு மடங்கு பலம் தேவைப்படுவது போல இருக்கும், அப்போதும் இரையும். எவ்வளவு பலம் போதும் என்று தெரிய ஒரு வழி உண்டு. தந்தியை விரலால் சும்மா தொட்டபடி மீட்டிக்கொண்டே மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். சத்தம் தெளியும் அந்தப் புள்ளிதான் தேவையான பலம். அதற்குமேல் அழுத்துவதெல்லாம் வீண்.

விரல் நுனி வலிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் தோல் காய்த்துவிடும். கை கழுவியவுடன், குளித்தவுடன் வாசிக்காதீர்கள், ஊறிய தோல் சீக்கிரம் புண்ணாகும். ஆனால் மணிக்கட்டிலோ முன்கையிலோ வலித்தால் அது வேறு. உடனே நிறுத்துங்கள். பிடித்திருக்கும் விதத்தில் எங்கோ தவறு இருக்கிறது.

7. கார்டுகளை இந்த வரிசையில் கற்றுக்கொள்ளுங்கள்

கார்டு படம் பார்க்கத் தெரிய வேண்டும். நெட்டுக் கோடுகள் தந்திகள், இடது ஓரத்தில் இருப்பது 6ஆம் தந்தி. கிடைக்கோடுகள் ஃப்ரெட்டுகள். மேலே வட்டம் இருந்தால் அந்தத் தந்தியைத் திறந்து வாசிக்க வேண்டும், பெருக்கல் குறி இருந்தால் தொடக் கூடாது. டேப் (எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் எழுதுவது) என்பது வேறு: அதில் கோடுகள் படுக்கையாக இருக்கும், அடியில் இருப்பதுதான் 6ஆம் தந்தி. முதலில் தலைகீழாகத் தோன்றும், சீக்கிரம் பழகிவிடும்.

தொடங்க இ மைனர். 5ஆம், 4ஆம் தந்திகளில் 2ஆம் ஃப்ரெட், இரண்டே விரல். ஆறு தந்தியையும் வாசிக்கலாம். அடுத்து இ மேஜர், பிறகு ஏ மைனர். இந்த இரண்டும் ஒரே உருவம்தான், முழுக் கையும் ஒரு தந்தி இடம் மாறும். ஏ மைனரிலிருந்து சி மேஜர் போக மோதிர விரல் மட்டும் நகர்கிறது: 3ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டை விட்டு 5ஆம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டுக்கு. மற்ற இரண்டு விரலும் அசையக் கூடாது. கார்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட, எந்த விரல் நிற்கிறது, எது போகிறது என்று இப்படி இணை இணையாகப் பாருங்கள். அப்புறம் ஜி, டி, ஏ.

ஒவ்வொரு கார்டையும் பிடித்தபின் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டுங்கள். சி கார்டில் பெரும்பாலும் 1ஆம் தந்தி செத்துக் கிடக்கும். 2ஆம் தந்தியில் இருக்கும் ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி அதைத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் காரணம். மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி விரலை நிமிர்த்தினால் தந்தி விடுபடும். இப்படி ஒரு தந்தி ஒலிக்காததற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்ணால் தேடுங்கள். பலத்தைக் கூட்டுவது கடைசி வழி.

மாற்றத்தைப் பழக, இரண்டு கார்டை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். 30 வந்தால் மெதுவான பாட்டுக்கு அந்த இணை தயார்.

8. வலது கையைத் தாளத்தில் விடுங்கள்

எல்லோர் கவனமும் இடது கையில் போய்விடுகிறது. கேட்பவர் காதுக்கு முதலில் தெரிவது தாளம்தான். கார்டு கொஞ்சம் பிசகினாலும் பாட்டு தாங்கும், தாளம் நின்றால் பாட்டே போச்சு.

பிக் 0.6லிருந்து 0.7 மில்லிமீட்டர் வரை தடிமனில் எடுங்கள். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, இடது கையால் தந்திகளை மெல்ல மூடிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கீழ் வீச்சு. அது சீராக வந்தபின் இடையில் மேல் வீச்சு. கை கடிகாரப் பெண்டுலம் போலக் கீழும் மேலும் நிற்காமல் போய்வர வேண்டும், தந்தியைத் தொடுவதும் தொடாததும்தான் மாறும். பல பாட்டுக்குப் பொருந்தும் ஒரு வீச்சு முறை: கீழ், கீழ் மேல், மேல், கீழ் மேல். மூன்றாம் அடியில் கை கீழே போகும், ஆனால் தந்தியைத் தொடாது. அங்கே கையை நிறுத்திவிடுவதால்தான் பலருக்கும் இந்த முறை வருவதில்லை. கார்டு மாற நேரம் போதாவிட்டாலும் வலது கையை நிறுத்தாதீர்கள், திறந்த தந்தியை அடித்துக்கொண்டே போங்கள்.

9. நேரமும் ஆசிரியரும்

தினம் 20 நிமிடம் போதும். வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் உட்கார்வது இதற்கு ஈடாகாது. ஐந்து நிமிடம் சுருதியும் விரல் பயிற்சியும், பத்து நிமிடம் கார்டு மாற்றம், மீதி நேரம் பாட்டு. பாட்டை ஒரு நாளும் விடாதீர்கள். கிட்டாரை உறைக்குள் மூடி வைக்காமல் ஸ்டாண்டில் கண்ணெதிரே நிறுத்துங்கள். சுவரில் சாய்க்க வேண்டாம், விழுந்தால் தலைப்பகுதி உடையும். வெயில் விழும் இடமும் பூட்டிய காரும் ஆகாது.

இப்படிப் போனால் முதல் மாத முடிவில் நான்கைந்து கார்டு பிடிபடும். மூன்று மாதத்தில் சில பாட்டுகள் நிற்காமல் வரும்.

வீடியோ பார்த்தே கற்கலாம், ஆனால் ஒரே ஒரு தொடரைப் பிடித்து முடிவுவரை போங்கள். முடிந்தால் முதல் இரண்டு மாதம் நேரில் ஒருவரிடம் போவது நல்லது. கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று வீடியோ பார்த்துச் சொல்லாது. சேரும் முன் ஒரு மாதிரி வகுப்பு கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர், நீங்கள் வர முடியாத நாளுக்கு மாற்று வகுப்பு உண்டா, ஆசிரியர் வராவிட்டால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் மூன்று மாதமாவது மாதாமாதம் கட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள்.

சான்றிதழ் வேண்டுபவர்களுக்கு டிரினிட்டி காலேஜ் லண்டன், ராக்ஸ்கூல் போன்ற அமைப்புகள் நடத்தும் தேர்வுகள் 8ஆம் கிரேடு வரை இருக்கின்றன. முதல் ஆறு மாதம் அந்த எண்ணமே வேண்டாம் என்பது என் கருத்து.

10. எஃப் கார்டு வரும்போது

பலர் கிட்டாரை மூடி வைக்கும் இடம் இது. ஆள்காட்டி விரலால் ஆறு தந்தியையும் சேர்த்து முதல் ஃப்ரெட்டில் அழுத்த வேண்டும். நட்டுக்குப் பக்கத்தில் தந்தி மிக விறைப்பாக இருக்கும், அதனால் அங்கே தொடங்காதீர்கள். அதே உருவத்தை 5ஆம் ஃப்ரெட்டில் பிடியுங்கள், அது ஏ மேஜர். அங்கே தெளிவாக வந்தபின் வாரம் ஒரு ஃப்ரெட்டாக நட்டை நோக்கி இறங்குங்கள். ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் உருட்டி, எலும்புப் பக்கத்தால் அழுத்தினால் சுலபம். கட்டைவிரலால் நசுக்குவதற்குப் பதில் முழங்கையை லேசாகப் பின்னால் இழுத்து, கையின் எடையை உபயோகியுங்கள்.

அதுவரை பாட்டு நிற்க வேண்டாம். சி கார்டிலிருந்து ஆள்காட்டி விரலை அப்படியே 2ஆம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் விட்டு, நடுவிரலை 3ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டுக்கும் மோதிர விரலை 4ஆம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டுக்கும் கொண்டு போங்கள். 5ஆம், 6ஆம் தந்திகளைத் தொடாமல் வாசியுங்கள். இது எஃப் மேஜர் செவன். எஃப் வரும் பெரும்பாலான பாட்டுகளில் இது பொருந்தும். ஐந்தாறு மாதம் பழகியும் முதல் ஃப்ரெட்டில் மட்டும் முழு எஃப் வரவில்லை, 5ஆம் ஃப்ரெட்டில் நன்றாக வருகிறது என்றால் நட்டை மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். அதே சமயம் தந்தியும் மாற்றும் காலம் வந்திருக்கும். தினம் வாசிப்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது கணக்கு. பழுதுபார்ப்பவரிடம் இரண்டையும் ஒன்றாகவே கொடுத்துவிடலாம்.